ரத்தம் வருதுன்னு பிரஷ்ஷ விட்ட பொண்ணு: கம்பி போட்ட வாயில ஈறு வளந்த ஒரு கேஸ்

கம்பத்துல பல்லு கிளினிக் வச்சிருக்கேன், பல்லு டாக்டருக்குப் படிச்சு முடிச்சு அதுக்கு மேல ஈறுக்குன்னு தனியா மூணு வருஷம் படிச்சவ. எங்க பக்கம் ஈறுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, எகிறுன்னுதான் சொல்லுவாங்க, லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி கேரளா பக்கம் குமுளிக்குப் போயிட்டா அதுவே மோணை ஆயிரும். ரெண்டு பக்கத்து ஆளுங்களும் எங்கிட்ட வருவாங்க. இந்தக் கேஸும் அப்படித்தான், பொண்ணு வீடு இந்தப் பக்கம், கம்பி போட்டது அந்தப் பக்கம். கம்பி போட்ட பிள்ளைகளுக்கு எகிறு வளந்து வர்றது புதுசில்ல, அடிக்கடி பாக்குறதுதான், ஆனா இத முழுசா எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு, ஏன்னா இந்த வீட்டுல நடந்த தப்பு எல்லா வீட்டுலயும் நடக்குது, பாசத்துல நடக்குது. பொண்ணுகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன், பேரு போடல.

வந்த அன்னைக்கு

ஐப்பசி மாசம், நல்ல மழை. மழைன்னு மலையில வேலை இல்ல, அதனாலதான் அம்மாவால கூட வர முடிஞ்சது. பொண்ணுக்கு 16 வயசு, பிளஸ் ஒன் படிக்குது. சேர்ல உக்காந்தும் வாயில இருந்து கர்சீப்ப எடுக்கல. பேசுனதெல்லாம் அம்மாதான்.

"கம்பி போட்டா பல்லு நேராகும்னு சொன்னாக டாக்டரம்மா, இப்பப் பல்லே காணாமப் போச்சு, சதை வந்து மூடிருச்சு. காலைல தலகாணியெல்லாம் ரத்தக்கறையா இருக்கு. இவ சோறு தின்னாலும் ரத்தம், துப்புனாலும் ரத்தம். எனக்கு ராத்திரி தூக்கமில்ல, வேற ஏதும் பெரிய சீக்கான்னு பயமா இருக்கு."

அம்மா ஏலத்தோட்டத்துக்கு காய் எடுக்கப் போறவங்க. விடியக்காலைல இருட்டோட ஜீப்புல ஏறுனா கம்பம்மெட்டு வழியா மேல போயி சாயங்காலம் இருட்டுற நேரத்துக்குத்தான் வீடு. ஆடில இருந்து தை வரைக்கும் காய் மும்முரம், அப்ப ஒரு நாள் லீவு போட்டாலும் ஒரு நாள் கூலி போச்சு. கம்பி போட்டு அன்னைக்கோட 14 மாசம். மொதல்ல எல்லாம் ஒழுங்கா மாசாமாசம் போயிருக்காங்க, அப்புறம் காய் சீசன் வந்ததும் கூட்டிட்டுப் போக ஆளில்லாம கடைசி 4 மாசமா யாரும் அந்தக் கம்பியத் தொடவே இல்ல. கம்பி போட்ட கிளினிக்கு மலைக்கு மேல, பஸ்ஸுல தனியா அனுப்ப அம்மாவுக்கு மனசில்ல. இதுல யாரையும் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.

நான் பொண்ணுகிட்ட கேட்டேன், "பாப்பா, எப்பிடி பல்லு தேய்க்கிற, செஞ்சு காட்டு பாப்போம்"னு. அது அம்மா மூஞ்சியப் பாத்துச்சு. அம்மாதான் சொன்னாங்க, "ரத்தம் வருதுல்ல, அதனால நான்தான் அந்தப் பக்கம் பிரஷ்ஷப் போடாத, வெரல்ல லேசா பல்பொடி போட்டு தேச்சு உப்புத் தண்ணில கொப்பளின்னு சொன்னேன், மூணு நாலு மாசமா அப்படித்தான்."

அங்கதான் எனக்குக் கேஸே புரிஞ்சது. புண்ணத் தொடக் கூடாதுங்கிறது நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுல இருந்து சொல்லிக் குடுத்தது, காலுல புண்ணுன்னா அது சரிதான். எகிறுல மட்டும் அது நேர் தலைகீழ். ரத்தம் வர்றது பிரஷ் பட்டதால இல்ல, பிரஷ் படாததால. பல்லும் எகிறும் சேர்ற எடத்துல ஊத்தை தங்கி, அதுல இருக்குற கிருமிக்கு உடம்பு சண்ட போடுறப்போ எகிறு வீங்கி செவந்து லேசா பட்டாலே ரத்தம் வருது. ரத்தத்தப் பாத்துப் பயந்து பிரஷ்ஷ விட்டா ஊத்தை இன்னும் சேருது, இன்னும் வீங்குது, இன்னும் ரத்தம், அப்போ இன்னும் பயம். 1965ல ஹரால்ட் லோங்கிறவரும் கூட இருந்தவங்களும் டென்மார்க்குல ஒரு சோதனை பண்ணாங்க, நல்ல எகிறு இருந்த 12 பேர பல்லே தேய்க்க வேணாம்னு சொல்லி விட்டுட்டாங்க, 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் எகிறு வீங்கிருச்சு, திரும்ப தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் வாக்குல பழைய மாதிரி ஆயிருச்சு. அது வாயில கம்பி இல்லாத பெரிய ஆளுங்களுக்கு. இந்தப் பிள்ளைக்கு வாய் நெறைய கம்பி, வளர்ற வயசு, 4 மாசம்.

வாயத் தொறந்தா

பல்லு மேல ஒட்டி வயர மாட்டுற குட்டித் துண்டுதான் பிராக்கெட், கீழ் முன்பல்லு ஆறுலயும் எகிறு அதுல பாதிய முழுங்கிருந்துச்சு. ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்குற எகிறு மொனை, அது சாதாரணமா கூரா சின்னதா இருக்கும், இங்க உருண்டு தெரண்டு செவப்பும் ஊதாவுமா நம்ம ஊரு பன்னீர் திராட்சைய ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒட்ட வச்ச மாதிரி இருந்துச்சு. கீழ் வலது ரெண்டாம் பல்லுல பிராக்கெட் கழண்டு வயர்ல தொங்கிட்டு இருந்தது, அது சதைக்குள்ள புதைஞ்சு போனதால வீட்டுல யாருக்கும் தெரியவே இல்ல. மேல முன்பல்லுல வீக்கம் கொஞ்சம் கம்மி, ஆனா பளபளன்னு எண்ணெ தடவுன மாதிரி மினுமினுப்பு. அதப் பாத்ததும் ராத்திரி வாயத் தொறந்து தூங்குறியான்னு கேட்டேன், ஆமான்னுச்சு, மூக்கு எப்பவும் அடைச்சிருக்குமாம். வாயால மூச்சு விட்டா மேல் எகிறு ராத்திரி பூரா காஞ்சு போகும், அந்த எடத்துல வீக்கம் கூடும்.

அளவு எடுத்தேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிசு கம்பி ஒண்ணு இருக்கு, ப்ரோப்னு சொல்லுவோம், அத எகிறுக்கும் பல்லுக்கும் நடுவுல மெதுவா விட்டா ஆழம் தெரியும், நல்ல வாயில 1ல இருந்து 3 மி.மீ. இந்தப் பொண்ணுக்குக் கீழ் முன்பக்கம் 5, 6, ஒரு எடத்துல 7. மேல 4, 5. இந்த நம்பர மட்டும் பாத்தா பயந்துரணும், ஆனா ஆழத்துல ரெண்டு வகை இருக்கு. எலும்பு கரைஞ்சு எகிறு கீழ எறங்குனா அது நெசமான பாக்கெட், அதுல போனது திரும்பாது. எலும்பு அப்படியே இருக்க எகிறு மட்டும் மேல வளந்து நின்னா அது பொய்ப் பாக்கெட். எப்படித் தெரியும்னா, பல்லோட எனாமல் முடிஞ்சு வேர் ஆரம்பிக்கிற எடம் ப்ரோப்புல தட்டுப்படும், எகிறு அந்த எடத்துலயே ஒட்டிருந்தா எதுவும் எழக்கல. இவளுக்கு எல்லாப் பல்லுலயும் அங்கதான் ஒட்டிருந்துச்சு, எக்ஸ்ரேல எலும்பும் முழுசா இருந்தது. இத அம்மாகிட்ட மொதல்ல சொன்னேன், "அக்கா, பல்லு கெட்டியா இருக்கு, வேர்ல ஒண்ணும் ஆகல, வளந்தது மேல இருக்குற சதை மட்டும்தான்"னு. அந்தம்மா சேல முந்தானைய வாயில வச்சு அழுதுட்டாங்க.

தொட்டதும் ரத்தம் வந்த எடம் நூத்துக்கு 86. வளர்ச்சிய 0ல இருந்து 3 வரைக்கும் கிரேடு போடுவோம், பல்லுக்கு நடுவுல இருக்குற மொனை மட்டும்னா 1, ஓரத்துலயும் பரவுனா 2, பல்ல முக்கால்வாசி மூடிட்டா 3. மேல 2, கீழ 2ல இருந்து 3.

இன்னும் ரெண்டு விஷயம் கண்ணுல பட்டது. பிராக்கெட்ட ஒட்டுறப்போ வெளிய பிதுங்குன பசை சுத்தியும் சொரசொரப்பா அப்படியே இருந்துச்சு, ஊத்தை ஒட்டுறதுக்கு அத விட நல்ல எடம் கெடையாது. மேல் கடவாப் பல்லுல மோதிரம் மாதிரி பேண்ட் போட்டிருந்தாங்க, அதோட ஓரமும் சிமெண்டும் எகிறுக்கு அடியில. பேண்டுக்குப் பதிலா வெளிப்பக்கம் மட்டும் ஒட்டுற டியூப் வச்சா எகிறு நல்லா இருக்கும், எங்க எங்க முடியுமோ அங்க அதையே வைக்கச் சொல்லி நான் கம்பி போடுற ஆர்த்தோ டாக்டருங்ககிட்ட கெஞ்சுவேன்.

வேற ஏதும் இருக்கான்னு

கம்பி இருக்கு, ஊத்தை இருக்கு, அதனால இதுதான்னு ஒடனே முடிவு பண்ணக் கூடாது. எகிறு வளர்ந்தா நான் மொதல்ல கேக்குறது மாத்திரை. வலிப்புக்குக் குடுக்குற ஃபெனிடாயின் 1938ல புழக்கத்துக்கு வந்துச்சு, அடுத்த வருஷமே எகிறு வளருதுன்னு எழுதிட்டாங்க, சாப்பிடுறவங்கள்ல பாதிப் பேர் வாக்குல வரும். பிபிக்குக் குடுக்குற அம்லோடிபின், நிஃபெடிபின், கிட்னி மாத்துனவங்க சாப்பிடுற சைக்ளோஸ்போரின், இதுங்களும் அப்படித்தான். சில வீட்டுல வலிப்பு மாத்திரைய வெளிய சொல்ல மாட்டாங்க, அதுவும் பொம்பளப் பிள்ளைன்னா கல்யாணப் பேச்சு வரும்னு மறைப்பாங்க, அதனால அம்மாவ வெளிய உக்கார வச்சிட்டு பொண்ணத் தனியாக் கேட்டேன், அப்புறம் பொண்ண அனுப்பிட்டு அம்மாவத் தனியாக் கேட்டேன். ரெண்டு பேரும் இல்லன்னு ஒரே மாதிரி சொன்னாங்க. வீட்டுல அண்ணன், அம்மாச்சி யாருக்கும் இப்படி எகிறு இல்ல, அதனால பரம்பரையும் இல்ல.

கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுமான்னும் கேட்டேன். சிரிச்சிட்டே இல்லன்னுச்சு. ஏன் கேட்டேன்னா கம்பியில இருக்குற ஸ்டீல்ல 8 சதவீதம் வாக்குல நிக்கல் உண்டு, நிக்கல் டைட்டானியம் வயர்ல பாதிக்கு மேலயே நிக்கல், நிக்கல் ஒத்துக்காத ஆளுக்கு வாயில வேற மாதிரி போகலாம். கவரிங் தோட்டு அரிப்புதான் அத வீட்டுலயே காட்டிக் குடுக்குற அடையாளம்.

அம்மா பயந்த பெரிய சீக்கு, அதாவது ரத்தப் புற்று, அதையும் விடல. அதுல எகிறு வெளிறி பஞ்சு மாதிரி வீங்கும், தானா ரத்தம் கசியும், காய்ச்சல், அசதி, ஒடம்புல நீலத் திட்டு இருக்கும். இவளுக்கு மத்தது எதுவும் இல்ல, இருந்தாலும் ரத்தம் தானா தலகாணியில படுதுன்னு சொன்ன பிறகு சிபிசி, அதாவது ரத்த அணுவ எண்ணுற டெஸ்ட், அது பாக்காம நான் தொட மாட்டேன், 16 வயசுப் பிள்ளைக்கு அந்த ஒரு டெஸ்ட்ட விட்டுட்டு அப்புறம் வருத்தப்படுறத விட வேற கொடுமை இல்ல. வெள்ளணு சரி, தட்டணு சரி. ஹீமோகுளோபின் மட்டும் கம்மி, 9.8. ஸ்கூல்ல குடுக்குற நீல கலர் இரும்பு மாத்திரைய வயிறு பெரட்டுதுன்னு பையிலயே போட்டு வச்சிருந்துச்சு. அத ராத்திரி சோத்துக்கு அப்புறம் போடச் சொல்லி, எங்க தெருவுல இருக்குற பொது டாக்டர்கிட்ட அனுப்பி தெனமும் போடுற இரும்பு மாத்திரையும் மூக்கடைப்புக்கு மருந்தும் வாங்க வச்சேன்.

வயசும் ஒரு காரணம்னு சொல்லணும். வயசுக்கு வந்த பிறகு ஹார்மோன் ஏறுறப்போ கொஞ்சம் ஊத்தை இருந்தாலும் எகிறு அளவுக்கு மீறி வீங்கும். அதனாலதான் ஒரே கம்பி, ஒரே அளவு ஊத்தை, 35 வயசு ஆளுக்கு லேசா செவக்குறது 15 வயசுப் பிள்ளைக்கு உருண்டு நிக்குது.

கத்தி எடுக்காத பத்து வாரம்

அம்மா கேட்ட மொதக் கேள்வி, "இன்னைக்கே வெட்டி எடுத்துருவீங்களா"ன்னுதான். இல்லன்னேன். இந்த எடத்துல என் பழைய தப்பு ஒண்ணச் சொல்லணும். கிளினிக் ஆரம்பிச்ச புதுசுல இதே மாதிரி ஒரு பையன் வந்தான், ஸ்கேலிங் பண்ணி, அதாவது பல்லுல படிஞ்சதச் சுரண்டி எடுத்து, ஒரே வாரத்துல வீங்குன எகிற கட் பண்ணிட்டேன், அழகா வந்துச்சு, போட்டோ எடுத்து வச்சேன். அஞ்சே மாசத்துல முழுசும் திரும்ப வந்துருச்சு. அவன் பிரஷ் பண்ணக் கத்துக்கவே இல்ல, நான் கத்துக் குடுக்கவும் இல்ல. ரெண்டாந்தடவ அந்தப் பிள்ளை வாயில ஊசி போட்டப்ப அவன் என்னப் பாத்த பார்வை எனக்கு இன்னும் இருக்கு. அதுல இருந்து கத்திக்கு முன்னாடி காத்திருப்பேன்.

காத்திருக்குறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வளந்து நிக்கிற எகிறுல ரெண்டு சரக்கு கலந்திருக்கும். ஒண்ணு வீக்கம், அதாவது தண்ணியும் ரத்தமும் தேங்கி பெருத்தது, அழுத்துனா குழியும், சுத்தம் பண்ணா தானா வடியும். இன்னொண்ணு நார், ரொம்ப நாள் வீங்கிக் கெடந்ததுல உள்ள நாரு கட்டி கெட்டியானது, அது எவ்வளவு சுத்தம் பண்ணாலும் வடியாது. மொத நாளே வெட்டுனா வடிய வேண்டியதையும் சேத்து வெட்டுறோம், ரத்தமும் நெறைய போகும், ஓரமும் சரியா அமையாது. காத்திருந்தா எது மிஞ்சுதோ அத மட்டும் எடுத்தாப் போதும்.

கம்பி போட்ட டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் மலையாளம், நான் தமிழு, பாதி இங்கிலீஷ்ல பேசி முடிச்சோம், ரொம்ப நல்லா ஒத்துழைச்சாரு. வயர கழட்டிருங்க, பிராக்கெட் இருக்கட்டும், பேண்ட நான் எடுத்துட்டு டியூப் ஒட்டித் தாரேன்னாரு. கொஞ்ச நாள் பல்லு நகத்துறது நின்னா ஒண்ணும் மோசம் இல்ல, வீங்குன எகிறோட பல்ல நகத்துறதுதான் மோசம்.

வயர எடுத்துட்டு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ரெண்டு தடவ ஸ்கேலிங், எகிறுக்கு அடியில கல்லு மாதிரி இறுகிப் போன ஊத்தைய, அதத்தான் காரைன்னு சொல்றது, கியூரெட்டுங்கிற சுரண்டுற கைக்கருவியால எடுத்தேன், பிதுங்குன பசைய எல்லாம் வழிச்சு மழுமழுன்னு பாலிஷ் போட்டேன். கொப்பளிக்கிறதுக்கு குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமி மருந்து 0.2 சதவீதம், ஒரு தடவைக்கு 10 மில்லி, காலைல ராத்திரி, ரெண்டு வாரம் மட்டும். அதுக்கு மேல குடுத்தா பல்லும் பிராக்கெட் ஓரமும் பழுப்பாகும், ருசி கெடும். பேஸ்ட் போட்டு தேச்ச ஒடனே கொப்பளிச்சா மருந்து வேலை செய்யாது, அரை மணி நேரம் விடணும், இத யாருமே சொல்லிக் குடுக்குறதில்ல.

ஆனா பெரிய வேலை பிரஷ்தான். ஊத்தைக்கு கலர் ஏத்துற செவப்பு மருந்து தடவி கண்ணாடியக் கைல குடுத்தேன். பிராக்கெட்ட சுத்தி, எகிறு ஓரத்துல எல்லாம் கருஞ்செவப்பு. பொண்ணு திகைச்சுப் போச்சு. நான் திட்டல. திட்டுறதால ஒரு பிள்ளையும் பல்லு தேய்ச்சு நான் பாத்ததில்ல, அடுத்த தடவ வராம நிக்கிறதுதான் நடக்கும். "இந்தக் கலரு போற வரைக்கும் இங்கயே தேய்ப்போம், ரத்தம் வரும், வரட்டும்"னேன். பிரஷ் நார எகிறு ஓரத்துல சாய்ச்சு 45 டிகிரி வாக்குல வச்சு நின்ன எடத்துலயே லேசா அசைச்சு, அப்புறம் பிராக்கெட்டுக்கு மேல இருந்து ஒரு தடவ, கீழ இருந்து ஒரு தடவ. ரெண்டு பிராக்கெட்டுக்கு நடுவுல கிறிஸ்மஸ் மரம் மாதிரி இருக்குற குட்டி பிரஷ்ஷ விட்டு மேலயும் கீழயும். மொத நாள் வாஷ் பேசின் செவப்பாயிருச்சு, பொண்ணு கை நடுங்குச்சு, அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. முழுசா ஒரு தடவ செய்ய 11 நிமிஷம் ஆச்சு.

அந்த 11 நிமிஷம் காலைல அந்த வீட்டுல கெடையாது. அம்மா ஜீப்புக்குப் போன பிறகு இதுதான் சோறாக்கணும், அண்ணனுக்கு டிபன் கட்டணும், ஸ்கூலுக்கு ஓடணும். அதனால காலைல சும்மா ரெண்டு நிமிஷம் போதும், ராத்திரி மட்டும் முழுசா செய்யின்னு பிரிச்சுக் குடுத்தேன். அதோட அம்மாவுக்கும் ஒரு வேலை குடுத்தேன், ராத்திரி போன் டார்ச்ச அடிச்சு எங்க ஊத்தை நிக்குதுன்னு காட்டுறது. அந்தம்மா நாள் பூரா எலைக்கு நடுவுல குனிஞ்சு பழுத்த காய மட்டும் பாத்துப் பாத்து எடுக்குறவங்க, கண்ணு அப்படிக் கூர்மை. ஒரு நாள் கூட விடல.

ரெண்டாவது வாரம் ரத்தம் 86ல இருந்து 41. தலகாணியில கறை இல்ல. பத்தாவது வாரம் 18. மேல் எகிறு கிட்டத்தட்ட பழைய எடத்துக்கு எறங்கி 2, 3 மி.மீ. ஆயிருச்சு. மேல கத்தியே தேவைப்படல. பாருங்க, மொத நாளே வெட்டிருந்தா மேலயும் வெட்டிருப்பேன். ஹீமோகுளோபின் 11.4. கீழ மட்டும் செவப்பு போயி ரோஸ் கலர்ல கெட்டியா அப்படியே நின்னுச்சு, 4, 5 மி.மீ., அழுத்துனா குழியல. அதான் நாரு.

கட் பண்ண அன்னைக்கு

அரையாண்டுப் பரீட்ச லீவுல வச்சுக்கிட்டோம். வளந்து நிக்கிற எகிற வெட்டி எடுக்குறதுக்கு ஜிஞ்சிவெக்டமின்னு பேரு, ரொம்பப் பழைய வைத்தியம். லிக்னோகைன் 2 சதவீத ஊசி போட்டு கீழ் கோரப்பல்லுல இருந்து கோரப்பல்லு வரைக்கும் மரக்க வச்சு, உள்ள எவ்வளவு ஆழமோ அத அளந்து வெளிய எகிறு மேல ஒவ்வொரு பல்லுக்கும் மூணு புள்ளி குத்துனேன். அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் கீழ இருந்து கிர்க்லேண்ட் கத்திய 45 டிகிரி சாய்ச்சு பல்ல நோக்கி வெட்டு, ரெண்டு பல்லுக்கு நடுவுல ஆர்பன் கத்தி. செங்குத்தா வெட்டுனா ஓரம் தடிச்சு திண்ணை மாதிரி நிக்கும், அங்கயே திரும்ப ஊத்தை ஒக்காரும், சாய்வா வெட்டுனாத்தான் பிரஷ் வழுக்கிட்டுப் போகும். கீழ கெட்டியான எகிறு 3 மி.மீ.க்கு மேல மிச்சம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன், அது இல்லாத ஆளுக்கு இந்த வெட்டு ஆகாது.

லேசர்ல பண்ணலாமேன்னு கேப்பாங்க. பண்ணலாம், ரத்தம் கம்மி, எங்கிட்ட இல்ல, கத்தியில பண்ணாலும் கடைசில ஆறி வர்றது கிட்டத்தட்ட ஒண்ணுதான். கரண்ட்டுல சுடுற மெஷின மட்டும் கம்பி இருக்குற வாயில நான் எடுக்க மாட்டேன், இரும்புல பட்டா பல்லு உள்ள வரைக்கும் சூடு போகும்.

பஞ்சு வச்சு அழுத்திப் பிடிச்சதுல ரத்தம் நின்னுச்சு. மேல பேக் போட்டேன், ரெண்டு டியூப்ப பெசஞ்சு பூசுற மாவு மாதிரி, பிராக்கெட் இருந்ததால அது நல்லாப் பிடிச்சு நின்னுச்சு. வலி மாத்திரை மூணு நாளைக்கு, ஆன்டிபயாடிக் எழுதல, நல்லா இருக்குற பிள்ளைக்கு இதுக்கு அது தேவையில்ல. எடுத்த சதைய மதுரைக்கு லேபுக்கு அனுப்புனேன், நாள்பட்ட வீக்கத்தோட நார் வளர்ச்சின்னு வந்துச்சு, வேற எதுவும் இல்ல. கழண்ட பிராக்கெட்ட அன்னைக்கு ஒட்டல, ஈரத்துல பிடிக்காது.

நாலாம் நாள் அம்மா போன் பண்ணாங்க, பேக்குல ஒரு துண்டு விழுந்துருச்சுன்னு. மலையில இருந்து கொண்டு வந்த கப்பை, அதான் மரவள்ளிக் கெழங்கு, வேகலயாம், பிள்ளை கடிச்சிருச்சு. வலி இருக்கான்னேன், இல்லன்னாங்க, அப்ப விட்டுருங்கக்கா, உப்புத் தண்ணி மட்டும் கொப்பளிக்கட்டும்னேன். மேல்தோலு ஒரு நாளைக்கு அரை மி.மீ. வாக்குல ஊர்ந்து மூடும், ரெண்டு வாரத்துக்குள்ள மூடிரும், உள்ள முழுசா கெட்டிப்பட ஒரு மாசம் ஆகும். எட்டாம் நாள் மிச்ச பேக்க எடுத்துட்டு கண்ணாடியக் கைல குடுத்தேன். பொண்ணு கீழ் ஒதட்ட வெரலால எறக்கி ரொம்ப நேரம் பாத்துச்சு. "இவ்வளவு நீளமா என் பல்லு?"

அதுக்கப்புறம்

மாசி மாசம் திரும்ப வயர் கட்டுனாங்க. ரப்பர் வளையத்துக்குப் பதிலா மெல்லிசு ஸ்டீல் கம்பியால கட்டச் சொல்லிக் கேட்டேன், ரப்பர்ல ஊத்தை கூட ஒட்டும், அந்த டாக்டரும் சரின்னு பண்ணிக் குடுத்தாரு. செக்கப்ப ஞாயித்துக்கெழமைக்கு மாத்திக் குடுத்தாரு, அது என்னால சொல்லி முடியாத உதவி, அம்மாவுக்கு ஞாயிறுதான் ஜீப் இல்லாத நாளு.

எல்லாம் நேர்கோட்டுல போச்சுன்னு சொல்ல மாட்டேன். பங்குனில பிளஸ் ஒன் பரீட்ச, ராத்திரி புத்தகத்து மேலயே தூங்கிரும், மூணு வாரம் பிரஷ் சுருங்கிப் போச்சு, கீழ் நடுப்பல்லு ரெண்டுக்கும் இடையில மொனை திரும்ப உருண்டு வந்துச்சு. பொண்ணு பயந்து அழுதுட்டே வந்துச்சு, மறுபடி வெட்டணுமான்னு. தொட்டுப் பாத்தேன், குழிஞ்சுச்சு, புது வீக்கம்தான், நாரு கட்டல. சுத்தம் பண்ணி அனுப்புனேன், ரெண்டு வாரத்துல வடிஞ்சிருச்சு. சீக்கிரம் வந்தா கத்தி வேணாம், அந்தப் பொண்ணு இத இப்ப அதோட கிளாஸ்ல கம்பி போட்ட இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்து அதையும் எங்கிட்டக் கூட்டிட்டு வந்துருச்சு.

இந்தக் கார்த்திகைல கம்பியக் கழட்டியாச்சு, மொத்தம் 27 மாசம், நடுவுல நின்னதச் சேத்து. ரத்தம் 9 சதவீதம், ஆழம் எல்லா எடத்துலயும் 3க்குள்ள. ரெண்டு மூணு பல்லுல பிராக்கெட்ட சுத்தி வெள்ளத் தழும்பு இருக்கு, அது அந்த 4 மாசத்து ஊத்தை எனாமல அரிச்ச தடம், அது முழுசாப் போகாது, ஃபுளோரைடு வார்னிஷ் தடவிட்டு இருக்கேன், கொஞ்சம் மங்கும். எகிறு திரும்பி வந்த அளவுக்கு எனாமல் திரும்பி வரல, அதுதான் எனக்கு இதுல மிச்சமான வருத்தம்.

கம்பி கழட்டி மறுவாரம் ஞாயித்துக்கெழமை ரிட்டெய்னர், அதாவது நேராக்குன பல்லு திரும்ப நகராம இருக்க மாட்டுறது, அதப் பாக்க வந்தாங்க. பொண்ணு உள்ள வந்தப்ப கைல கர்சீப் இல்ல. பாத்து முடிச்சதும் அது எந்திரிச்சு அம்மாவப் பிடிச்சு சேர்ல உக்கார வச்சிருச்சு, "எங்கம்மாவுக்கும் துப்புனா ரத்தம் வருது டாக்டரம்மா, சொல்ல மாட்டேங்குது"ன்னு. வெத்தலைக் கறைக்கு அடியில கீழ்ப்பல்லு பின்பக்கம் காரை கட்டி நின்னுச்சு, ரெண்டு எடத்துல 5 மி.மீ., இது பொய்ப் பாக்கெட் இல்ல. ஒரு பக்கம் அன்னைக்கே எடுத்தேன், மறுபக்கம் வர்ற ஞாயிறு. டார்ச்ச இந்தத் தடவ பொண்ணுகிட்டக் குடுத்து விட்டிருக்கேன்.